சர்வர் வாங்கும் முன் நாடி பிடிச்சுப் பாருங்க

இன்று மருத்துவம் இல்லை. கொஞ்சம் வரலாறு பேசலாம், வாங்க.

போன வாரம் நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் அக்கா மகன் காத்திருந்தான். பிளஸ் டூ முடித்த கையோடு அவன் நண்பர்கள் எட்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் கல்லூரி சேர்ந்துவிட்டார்கள். தினமும் ராத்திரி எல்லாரும் சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆட, வீட்டிலேயே ஒரு சர்வர் வைக்கணுமாம்.

"மாமா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரேக் சர்வர் வருது. 24 கோர்! சேர்த்து வச்ச காசு மொத்தமும் போயிடும். வாங்கவா?"

உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை இதையே கேட்கலாம். அதனால் அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1978. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகம். ராய் ட்ரப்ஷா என்ற மாணவர், பல பேர் ஒரே நேரத்தில் ஆடும் 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்குகிறார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுக்கிறார். படமே கிடையாது, வெறும் எழுத்துதான். ஓடியது பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 கணினியில். ஹார்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே அன்று இல்லை. இருந்த ஒரே பெரிய மெஷின் சும்மா இருக்கும் நேரம் பார்த்து ஆடினார்கள்.

1993 டிசம்பர். 'டூம்' வந்தது. இதில் நடுவில் சர்வரே கிடையாது. நாலு பேர் ஆடினால் நாலு கணினியும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து நகரும். விளைவு? நாலில் எது மெதுவோ, அதன் வேகம்தான் எல்லாருக்கும். போதாக்குறைக்கு, முதலில் வந்த பதிப்பு நெட்வொர்க்கில் இருந்த எல்லா கணினிக்கும் பாக்கெட்டுகளை வாரி இறைத்தது. டூமுக்குத் தடை போட்ட அலுவலகங்கள் உண்டு!

1996 ஜூன். அதே நிறுவனத்தின் 'க்வேக்'. இப்போது நடுவில் ஒரு சர்வர். யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார் மேல் பட்டது என்பதையெல்லாம் அது தீர்மானிக்கும். நம் கணினி காட்டினால் போதும்.

முக்கியமான இடம் இதுதான். கவனிங்க.

லேனில் க்வேக் பிரமாதமாக ஓடியது. டயல்-அப் மோடத்தில் ஆடியவர்களுக்கோ நரகம். பட்டனை அழுத்தினால் சேதி சர்வருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் கால் நகரும். எழுதியவர் ஜான் கார்மாக், உலகமே மெச்சிய புரோகிராமர். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்: என் அடிப்படை அனுமானமே தப்பு, 200 மில்லி செகண்டுக்குள் தாமதம் இருக்கும் என்று நினைத்து வடிவமைத்துவிட்டேன், பெரும்பாலானோர் மோடத்தில் அல்லவா வருகிறார்கள் என்று.

பெரிய மெஷின் வாங்குங்கள் என்று அவர் சொல்லவில்லை. நோய் வேறு இடத்தில் இருந்தது. டிசம்பரில் 'க்வேக்வேர்ல்ட்' வந்தது. சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமல் நம் கணினியே அடுத்த அடியை ஊகித்து நகர்த்திவிடும். சர்வர் பின்னால் வந்து திருத்தும். இன்றைய ஷூட்டிங் கேம்கள் பலவற்றின் அடிப்படை இதுதான்.

கவுன்டர் ஸ்ட்ரைக் இதே வழியில் வந்தது. எங்கள் விடுதியிலும் அதை ஆடியிருக்கிறோம். சர்வர் வைப்பதற்கென்றே ஒரு நண்பன் விலை கூடிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினான். தனி சர்வர் படமே வரைவதில்லை, கணக்கு மட்டும்தான் போடுகிறது என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. காசு போனது போனதுதான்.

சரி.. அந்த 24 கோருக்கு வருவோம்.

2004இல் பென்டியம் 4 சிப் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அதற்கு மேல் வேகம் கூட்டினால் சூடு தாங்கவில்லை. அதனால் 2005 முதல் ஒரே சிப்பில் இரண்டு கோர், பிறகு நாலு, எட்டு என்று போனார்கள். ஆனால் 2009இல் வெளிவந்த மைன்கிராஃப்டின் முக்கியக் கணக்கு இன்றும் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது. அதன் நாடித்துடிப்பு செகண்டுக்கு 20. அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் 50 மில்லி செகண்ட். ஆடு, மாடு, ஸோம்பி, ரெட்ஸ்டோன் எல்லா வேலையும் அதற்குள் முடியணும். முடியலைன்னா துடிப்பு குறையும், உலகமே இழுத்து இழுத்து நகரும். நாம் பிராடிகார்டியா என்கிறோமே, அது மாதிரி.

பழைய ரேக் சர்வரில் கோர் நிறைய இருக்கும், ஒவ்வொன்றும் மெதுவாக இருக்கும். 24 பேர் வார்டில் நின்றாலும் தையல் போடுவது ஒருத்தர்தானே?

அதோடு, அது 150 வாட் இழுத்தால் மாதம் முழுக்க ஓட 108 யூனிட். 15 வாட் மினி பிசி என்றால் 11 யூனிட்கூட ஆகாது.

ஆகவே என் பிரிஸ்கிரிப்ஷன்:

✅ கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்தைப் பாருங்க.
✅ பத்து பேருக்குள் என்றால், மாட் எதுவும் போடாதவரை 8 ஜிபி ரேம் போதும். மாட் போட்டால் 16.
✅ ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி.
✅ வைஃபை வேண்டாம், லேன் கேபிள்.
✅ கரண்ட் போனால் சேமித்த உலகம் கெடலாம். சின்ன யுபிஎஸ், தினம் ஒரு பேக்கப்.
❌ கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன், இணைய நிறுவனத்துக்கு ஒரு போன் போடுங்க. பல வீட்டு இணைப்புகளில் தனி பொது ஐபி முகவரி தருவதில்லை. அது இல்லாவிட்டால் வெளியூர் நண்பர்கள் நேரடியாக உள்ளே வர முடியாது, என்ன மெஷின் வைத்தாலும்.

தூரத்தையும் மறக்காதீங்க. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1000 கிலோமீட்டரில் இருக்கும் நண்பனுக்குப் போய்வரவே குறைந்தது 10 மில்லி செகண்ட். இதைக் குறைக்க எந்தக் கடையிலும் ஹார்ட்வேர் கிடையாது.

மருமகன் ரேக் சர்வர் வாங்கவில்லை. பரணில் கிடந்த என் பழைய டெஸ்க்டாப்பை இறக்கி, எஸ்எஸ்டி மட்டும் புதிதாகப் போட்டான். நேற்று ராத்திரி எட்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். மிச்சக் காசில் தீபாவளிக்கு எல்லாரும் நேரிலேயே சந்திக்கப் போகிறார்களாம்.

கார்மாக்குக்கே முதல் அனுமானம் தப்பியது. நாமும் நோய் எங்கே என்று பார்த்துவிட்டு மருந்து வாங்குவோம்.