பரிசிலும் மானியமும்: கெடாவிலிருந்து ஒரு நோக்கு

கடாரத்தைத் தமிழிலக்கியத்தோடு சேர்த்துப் பேசுவோர் இராசேந்திர சோழனின் படையெடுப்பையே முதலில் நினைவுகூர்வர். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் சுட்டுகின்றது. காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று உரை கண்டார். அப்பாட்டிற்காகக் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் 16 நூறாயிரம் பொன் வழங்கினான் எனக் கலிங்கத்துப்பரணி கூறுகின்றது. அத்தொகை மெய்யா, உயர்வு நவிற்சியா என்பது வேறு வினா. பாட்டு முன்னும் பொன் பின்னுமாக அமைந்த வரிசையே ஈண்டு நம் கவனத்திற்குரியது.

இவ்வரிசை இன்றுவரை பெரிதும் மாறவில்லை என்பது நம் கருத்து. ஒரு படைப்பாளிக்குப் பணம் மூன்று நிலைகளில் வரலாம். எழுதி முடித்த நூலுக்குக் கிடைப்பது பரிசு. அதனை அச்சேற்றத் தரப்படுவது வெளியீட்டு உதவி. இன்னும் எழுதப்படாத ஒன்றை எழுதுவதற்கான காலத்தை வாங்கித் தருவது மானியம். மலேசியத் தமிழிலக்கிய வரலாறுகள் முதலிரண்டையும் விரிவாகவே பேசியுள்ளன. எழுதப்படாத நூல் எழுதப்பட்ட அந்த நாள்களுக்கு யார் கூலி கொடுத்தார் என்னும் வினா மட்டும் எழுப்பப்படாமலே இருந்து வருகின்றது. இவ்வினாவைக் கெடா மாநிலத்தில், குறிப்பாகச் சுங்கை பட்டாணியையும் அதன் பாக்கார் ஆராங் வட்டாரத்தையும் முன்னிறுத்திக் காண முற்படுகிறோம்.

பாக்கார் ஆராங் என்னும் மலாய்ப் பெயருக்குக் கரி சுடுதல் என்பது பொருள். இன்று அது தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி. அதனைச் சூழ்ந்த வட்டாரமோ இரப்பர்த் தோட்டங்களால் உருவானது. விடியுமுன் பால்வெட்டச் சென்ற தொழிலாளிக்கு எழுதும் காலம் என்று தனியே ஒன்று இருந்ததில்லை. தமிழ் நேசன் 1950இல் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு கதை வகுப்பு நடத்தியது. அந்நாளிதழில் 1950களில் பணியாற்றிய கு. அழகிரிசாமி இளம் எழுத்தாளர்களை வழிநடத்தினார். 1970களில் முருகு சுப்பிரமணியன் சிறந்த சிறுகதைக்குப் பவுன் பரிசளிக்கும் திட்டத்தைக் கொணர்ந்தார். 1980களில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி தொடங்கியது. இவை யாவும் எழுத்தார்வத்தைத் தூண்டியவை, போற்றத்தக்கவை. ஆயினும் எழுதுவதற்கான ஓய்வை இவற்றுள் எதுவும் தரவில்லை. ஓர் இரவில் எழுதிவிடக்கூடிய சிறுகதை இங்குச் செழித்ததற்கும், நாவல் நெடுங்காலம் மெலிந்திருந்ததற்கும் இலக்கியக் காரணங்களை மட்டும் தேடுவது போதாது.

அரசின் நிலையையும் கூற வேண்டும். 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு தேசியப் பண்பாட்டுக் கொள்கைக்கு அடித்தளமிட்டது. தேசிய இலக்கியம் மலாய்மொழி இலக்கியமாக வரையறுக்கப்பட, தமிழ் இனவழி இலக்கியம் என்னும் நிலையில் நின்றது. 1981இல் கெரிஸ் மாஸுக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட தேசிய இலக்கியவாதி விருது, பணத்தோடு எழுதுவதற்கான வசதிகளையும் உள்ளடக்கியது. ஆக, படைப்பாளிக்கு வசதியும் காலமும் தேவை என்பதை அரசு அறியாமலில்லை. அவ்வறிவு தமிழெழுத்தாளனின் வாசல்வரை வரவில்லை.

அரசு விட்ட இடத்தில் நின்றது தொழிலாளியின் சேமிப்பு. 1950களின் பிற்பகுதியில் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் வீடும் இழந்தோர் பலர். இதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறு தொகைகளைச் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம் என்பது இங்குக் குறிக்கத்தக்கது. பின்னாளில் இச்சங்கத்தின் டான்ஸ்ரீ கே. ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியம் 10,000 அமெரிக்க டாலர் கொண்ட அனைத்துலகப் புத்தகப் பரிசை ஏற்படுத்தியது. வைரமுத்துவின் 'மூன்றாம் உலகப் போர்' அப்பரிசைப் பெற்றது. பால்வெட்டியவரின் காசு உலகத் தமிழுக்குப் பரிசளிக்கும் நிலைக்கு வளர்ந்தது பெருமைக்குரியது. அதே தொகை எழுதப்படாத ஒரு தோட்ட நாவலுக்கு முன்பணமாக வந்திருக்கலாமே என்னும் எண்ணமும் உடன் எழுகின்றது.

மானியத்திற்கு மிக அருகில் வந்தது ஆஸ்ட்ரோவும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கமும் இணைந்து நடத்திய நாவல் போட்டி எனலாம். சுங்கை பட்டாணியைச் சேர்ந்த கே. பாலமுருகனின் 'நகர்ந்து கொண்டே இருக்கும் வாசல்கள்' 2007இல் இப்போட்டியில் பரிசு பெற்றது. போட்டி புதிய நாவல்களை எழுதத் தூண்டியது உண்மை. எனினும் அதன் பொருளியலை நோக்குக: பலர் மாதக்கணக்கில் உழைக்க, ஒரு சிலரே ஊதியம் பெறுவர், நட்டம் முழுவதும் எழுதியவருடையது. மானியத்தில் அந்நட்டத்தைத் தாங்குபவர் கொடையாளர்.

அவ்வாறாயின் கெடாவின் நாவல்கள் எவ்வாறு எழுந்தன? பாலமுருகன் ஆசிரியர். 'செலாஞ்சார் அம்பாட்', சயாம் மரண இரயில்பாதையைப் பற்றிய 'கையறு' ஆகியவற்றைத் தந்த கோ. புண்ணியவான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். லுனாஸில் பிறந்து அவ்வூரையே 'பேய்ச்சி'யின் களமாக்கிய ம. நவீனும் ஆசிரியர். இவ்வொற்றுமை தற்செயலன்று. ஆசிரியப் பணியின் மாதச் சம்பளமே மலேசியத் தமிழிலக்கியத்தின் பெயர் சூட்டப்படாத மானியமாக இருந்து வந்துள்ளது. அரசு கற்பித்தலுக்குக் கொடுத்த ஊதியத்தில், பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில் நம் நாவல்கள் எழுந்தன. இதனால் விளைந்த நன்மை பெரிது; இழப்பும் உண்டு. பால்வெட்டியவரும் பாக்கார் ஆராங் தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்தவரும் கதைமாந்தராக வருமளவிற்கு ஆசிரியராக வரவில்லை.

பிற இடங்களில் முன்கொடை புதிதன்று. பெங்களூரில் 1993இல் நிறுவப்பட்ட இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை 1995 முதல் கலைஞர்களுக்கு மானியம் வழங்கி வருகின்றது. 1991இல் அமைந்த சிங்கப்பூர்த் தேசியக் கலைகள் மன்றத்தின் படைப்பு மானியம் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளுக்கும் உரியது. நம் நாட்டில் நாடகவியலாளர் கிருஷன் ஜித் மறைந்த மறு ஆண்டு, 2006இல், அவர் பெயரால் ஒரு நிதி உருவாகிப் புதிய கலை முயற்சிகளுக்கு உதவியது. 2017இல் அமைந்த செண்டானா, தொடக்கத்தில் தலைநகர வட்டாரத்தையும் காண்கலையையுமே முதன்மைப்படுத்தியது. தலைநகரிலிருந்து வடக்கே தொலைவிலுள்ள சுங்கை பட்டாணியில் தமிழில் எழுதுபவர், திட்ட விளக்கமும் செலவுப் பட்டியலும் பிறமொழியில் எழுதித்தான் இத்தகைய கதவுகளைத் தட்ட வேண்டியுள்ளது.

முன்கொடையில் நம்பிக்கை சார்ந்த சிக்கலும் உண்டு. பரிசளிப்பவர் நூலைக் கண்ட பின்னரே பணம் தருகிறார். மானியம் தருபவர் காணாததற்குப் பணம் தருகிறார். 'பேய்ச்சி' 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சால் தடை செய்யப்பட்டது. அரசு மானியத்தில் எழுதப்பட்டிருப்பின் அந்நாவல் அவ்வடிவில் வந்திருக்குமா என்று கேட்பது நியாயமே. ஆதலால் இக்கொடை கூட்டுறவுச் சங்கம், எழுத்தாளர் சங்கம் போன்ற சமுதாய அமைப்புகளிடமிருந்து வருவதே தக்கது என்று கருதுகிறோம்.

இதில் காலமும் ஒரு தரப்பாக நிற்கின்றது. 1942-43இல் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டோருள் அன்று இருபது வயதினராயிருந்தவர் இன்று நூறு வயதைக் கடந்திருப்பர். துண்டாடலின்போது தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எழுபதையும் எண்பதையும் எட்டியுள்ளனர். அவர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுத ஓர் ஆசிரியர் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும். பயணச் செலவும் வேண்டும். அத்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு படிவம்கூடத் தமிழில் இல்லாத நிலையில், அவர் விடுமுறைக்காகக் காத்திருக்கிறார்.