பி.சி.ஜி. ஊசியும் ராஜாஜியின் மறுப்பும்

தடுப்பூசிக்கு இந்தியாவில் எழுந்த எதிர்ப்பைக் கல்லாமையின் கணக்கில் எழுதிவிடுவது நெடுநாள் வழக்கம். ஆனால் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை மறுத்து 1948 முதல் 1955 வரை நடந்த வாதத்துக்குச் செய்தித்தாள் படிக்கும் சென்னையே தலைமை தாங்கியதால், அந்தக் கணக்கு இங்கே பொருந்துவதில்லை.

பி.சி.ஜி. என்பது, மாடுகளைத் தாக்கும் காசநோய்க் கிருமியைக் கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியம் குன்றச் செய்து, 1921இல் பாரிஸில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருந்தாகும். அதில் கிருமி உயிரோடு இருந்தது என்பதையே எதிர்ப்பாளர்கள் விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டனர். 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், ஆய்வுக்கூடத்தில் நோய்க்கிருமி கலந்துவிட்ட மருந்தால் எழுபதுக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் இறந்திருந்ததால், அந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ளவும் இயலவில்லை.

விடுதலைக்கு மறு ஆண்டு நடுவண் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் திட்டத்தைத் தொடங்கினார். மருந்து கிண்டியில் தயாரானது, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் முன்னோட்டம் நடந்தது. பிள்ளையின் முன்கைத் தோலுக்குள் ட்யூபர்குலின் என்னும் கிருமிச் சத்தைச் சொட்டளவு ஏற்றி, மூன்றாம் நாள் தடவிப் பார்த்து, தடிப்பு எழாதவர்களுக்கு, அதாவது கிருமி இன்னும் தீண்டாதவர்களுக்கு மட்டும், மேற்கையில் ஊசி போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்திப் போட்ட ஊசி என்பதால், பெற்றோரின் சம்மதம் எங்கே என்ற கேள்வி உடனெழுந்தது.

அதற்கு நெடுநாள் முன்பு, பெரியம்மைக்கு அம்மை குத்த வந்த கும்பினி ஆட்சி மாரியம்மனோடு வழக்காட வேண்டியிருந்தது. மக்களை இசைவிக்கக் கும்பினி அதிகாரி எல்லிஸ் துரை, பஞ்சகவ்வியத்தின் ஐந்து பொருள்களோடு, அம்மை குத்தப் பயன்பட்ட கோவசூரி என்னும் பசு அம்மையைப் பசுவின் ஆறாவது கொடையாகச் சேர்த்து ஒரு புராணமே புனைந்தார். பி.சி.ஜி.யை எதிர்த்தவர்களிடம் அம்மன் இல்லை, புள்ளிவிவரம் இருந்தது. சுகாதாரப் பொறியாளர் ஏ. வி. ராமன், அந்தப் பணம் நல்ல தண்ணீருக்கும் சோற்றுக்கும் வீட்டுக்கும் போகட்டும் என்றார். 1954இல் முதலமைச்சர் பதவி துறந்த ராஜாஜி, மறு ஆண்டு தம் மறுப்பை ஆங்கிலச் சிறுநூலாகவே வெளியிட்டு, அமெரிக்கா போன்ற நாடுகள் பெருமளவில் கைக்கொள்ளாத மருந்தை இந்தியப் பிள்ளைகள்மீது சோதிப்பதேன் என்று கேட்டார். அம்மை குத்துவதையே வெறுத்த காந்தியின் சம்பந்தி அவர். அம்ரித் கௌரோ காந்தியின் செயலாளராக இருந்தவர். ஆக, இது ஒரே ஆசிரமத்தின் இரு மாணாக்கர்களுக்கிடையிலான வழக்குமாகும்.

அந்நிய ஆட்சியின்போது உடலைக் காப்பதே தன்மானமாக இருந்த ஒரு சமூகத்தில், ஆட்சி கைமாறியவுடன் அந்த ஐயமும் கரைந்துவிடும் என்று அரசு எதிர்பார்த்ததுதான் பிழை எனலாம். பிரதமர் நேரு பின்வாங்கவில்லை, இயக்கமும் நிற்கவில்லை. ஆனால் மருந்தின் பயன் குறித்த கேள்வி நின்றுவிடவும் இல்லை. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பேராய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கை நீட்டினர், அவர்களில் ஒரு பகுதியினர்க்கு மருந்தில்லா ஊசி. 1979இல் வந்த முதல் முடிவு, வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்றது. கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுக்கிறது என்பது வேறிடங்களில் உறுதிப்பட்டதால், பிறந்த குழந்தையின் இடக்கையில் அந்த ஊசி இன்றும் போடப்படுகிறது.