மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும்: எங்கள் அடுக்களையின் வரலாறு

பிடித்த வீட்டுச் சாப்பாடு பற்றிப் பேசச் சொன்னீர்கள். பிரியாணியும் ஆட்டுக்கறியும் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனாலும் நான் தேர்ந்தெடுத்தது மரச்சீனிக்கிழங்கு. செவிலியர் டிப்ளமோ முடித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக வார்டுகளில் வேலை பார்ப்பவள் நான். எனவே பேச்சில் கொஞ்சம் மருத்துவமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் குமரி மாவட்டம், கல்குளம் தாலுகா. வாரத்தில் மூன்று நாளாவது வீட்டில் கிழங்கு இருக்கும். தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பார்கள். பிறகு தேங்காய், சீரகம், பூண்டு, மஞ்சள், காந்தாரி மிளகாய் சதைத்துப் போட்டு மசிப்பார்கள். கூடவே புளிவிட்ட சாளைக்கறி. ஆனால் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தால், பாட்டி அந்தப் பானையை மறைத்துவிட்டு அரிசி உலை வைப்பார். "கிழங்கு நம்ம வயித்துக்கு, விருந்தாளிக்கு இல்ல" என்பார். எங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் கிழங்குப் பொதியைத் திறக்க வெட்கம்.

அந்த வெட்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மரச்சீனி நம் மண்ணின் பயிர் அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்தது. போர்த்துக்கீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் மலையாளக் கரைக்கும் வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தாவர இயலில் ஆர்வம் உள்ளவர். ஏழைகளின் பசிக்கு உதவும் என்று இந்தப் பயிரைப் பரப்பியவர் அவரே. எங்கள் தாலுகாக்களும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தன. எல்லை மாறியது, அடுக்களை மாறவில்லை.

திருவிதாங்கூரில் விளைந்த நெல் அங்குள்ள மக்களுக்குப் போதாது. பர்மா அரிசியை நம்பியே வாழ்ந்தார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. பஞ்சம் வந்தது. அரிசி கிடைக்காத வீடுகளில் மூன்று வேளையும் கிழங்குதான். அதே போரால் கிழக்கிலிருந்து வந்த ஜவ்வரிசியும் நின்றுபோக, சேலத்தில் மரச்சீனி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசிக்கும் அந்தப் பஞ்ச காலத்துக்கும் உறவு உண்டு.

அப்போது என் பாட்டிக்குப் பன்னிரண்டு வயது. பாட்டிக்கு ஒரு தம்பி இருந்தான், நான்கு வயது. ஒருநாள் பசி பொறுக்காமல், சரியாக வேகாத கிழங்கைத் தின்றான். வாந்தி எடுத்தான், மயங்கினான், விடிவதற்குள் போய்விட்டான். இதைப் பாட்டி யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. ஆனால் அடுப்பில் கிழங்கு கொதிக்கும்போதெல்லாம், "மக்களே, தண்ணிய வடிச்சியா? மூடி போடலியே?" என்று இரண்டு முறையாவது கேட்பார். கண் தெரியாமல் போன கடைசி நாட்களிலும் கேட்டார். தம்பியின் கதையை அம்மாதான் எனக்குச் சொன்னார்.

அதன் காரணம் செவிலியர் படிப்பின்போதுதான் எனக்குப் புரிந்தது. மரச்சீனியில் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போது அதிலிருந்து சயனைடு பிரிகிறது. நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சியதை உடல் முறிக்க வேண்டுமானால் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. கிழங்கில் புரதமே மிகக் குறைவு. மீனில் அது நிறைய உண்டு. சாளைக்கறி வெறும் ருசிக்காக மட்டும் வந்ததல்ல. மீன் வாங்க முடியாத வீடுகள்தான் அதிகம் துன்பப்பட்டன. எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற மருத்துவர் சாமர்வெல் நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணியாற்றினார். இப்பகுதியில் குடற்புண் நோயாளிகள் மிகுந்திருந்ததை அவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஏழைகளின் உணவுமுறையையும் அதற்கொரு காரணமாகக் கருதினார்.

இனி என் சொந்தக் கணக்கு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். நான் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் மருந்துக் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் கேட்பேன். ஒருமுறை அம்மா, "ஒரு துண்டு கிழங்கு, கொஞ்சம் சாளைக்கறி ஊத்தித் தின்னட்டா?" என்று கேட்டார். "கூடவே கூடாது, சுகர் ஏறும்" என்றேன். வார்டில் பேசும் அதே குரல். அம்மா மறுபடி கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது அடக்க ஆராதனைக்குத்தான் என்னால் போய்ச் சேர முடிந்தது.

நான் சொன்னது முழுத் தவறு அல்ல, கிழங்கு மாவுச்சத்துதான். ஆனால் சோற்றைக் குறைத்துக்கொண்டு, சிறு துண்டு, மீனோடு சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கலாம். இன்று என் நோயாளிகளுக்கு அப்படித்தான் சொல்கிறேன். சொந்தத் தாய்க்குச் சொல்லவில்லை. அம்மா கேட்டது மாவுச்சத்தை அல்ல, தன் தாயின் அடுக்களையை என்று எனக்குப் புரியத் தாமதமாகிவிட்டது.

இங்கே ஆப்பிரிக்கக் கடைகளில் மெழுகு பூசிய மரச்சீனி கிடைக்கிறது. என்னோடு வேலை செய்யும் கானா நாட்டுச் சகோதரியும் அதையே வாங்குகிறார். "எங்கள் வீட்டிலும் விருந்தினருக்கு வைக்க மாட்டார்கள்" என்று சிரித்தார். போன மாதம் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் கிழங்கும் மீன்கறியும் வைத்தேன். பானையை மறைக்கவில்லை.

என் மகள் பக்கத்தில் நின்று, "ஏம்மா இந்தத் தண்ணியக் கொட்டுறீங்க?" என்று கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, நான்கு வயதில் போன அந்தத் தாத்தாவின் கதையைச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் இப்படிக் காரணம் சொல்லாத ஒரு பழக்கம் இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.