மண்ணுக்குள் இறங்கிய வெப்பமானி

கோவையை அடுத்த மதுக்கரையிலிருந்து எட்டிமடை, வாளையாறு வரைக்கும் ஆயிரம் அடி போர் என்பது இன்று சாதாரணப் பேச்சு. அந்த ஆழத்துப் போரில் மோட்டாரைப் போட்டால், குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் முதலில் வந்து தீரும். அதன்பின் வருவது கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். ஆழம் போகப் போகச் சூடு கூடும் என்பது கொங்கு விவசாயிக்குக் கையில் பட்ட சங்கதி. சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரத்தில் அதே ஆயிரம் அடியைத் துளைத்தால், குழியின் பெரும்பகுதி உறைந்த மண்ணுக்குள்ளேயே இறங்கும். அங்கும் ஆழத்தில் சூடு கூடத்தான் செய்கிறது. கணக்கு மட்டும் பூஜ்யத்துக்கு வெகு கீழேயிருந்து தொடங்குகிறது.

இப்படி உறைந்து கிடக்கும் நிலத்தை பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். குறைந்தது ஈராண்டு தொடர்ந்து பூஜ்யம் டிகிரிக்கு மேல் ஏறாத மண், பாறை எல்லாம் இதில் அடக்கம். தூந்திரப் பகுதியில் கோடை வந்தால் மேல்மண் சில சாண் ஆழத்துக்கு இளகும்; குளிரில் மறுபடி இறுகும். இந்த இளகும் அடுக்கு வருஷா வருஷம் எவ்வளவு ஆழம் போகிறது, அதற்கடியில் உறைந்த மண் எவ்வளவு சூடேறுகிறது என்று கண்காணிப்பது இன்று உலக அளவிலான பெரிய வேலை. அந்த வேலையின் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், எதிர்பாராத விதமாகத் திருவனந்தபுரமும் பாலக்காடும் குறுக்கே வருகின்றன.

கதை 1837இல் எடின்பரோவில் தொடங்குகிறது. ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியலாளர் நீண்ட தண்டுள்ள வெப்பமானிகளைச் செய்வித்து, 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் பாறையிலும் மணலிலும் புதைத்தார். தண்டின் மேல்முனை மட்டும் வெளியே தெரியும். குமிழ் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழத்துச் சூட்டை நின்ற இடத்திலேயே படிக்கலாம். கோடை வெப்பம் மண்ணுக்குள் மெதுவாக இறங்குவதும், இறங்க இறங்கத் தேய்வதும் இதில் துல்லியமாகத் தெரிந்தன. எடின்பரோவின் ஜூலை வெயில் 24 அடி ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது மேலே ஜனவரி வந்துவிடுகிறது. பகலிரவு மாற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆண்டு மாற்றம் பத்துப் பதினைந்து மீட்டரில் ஏறக்குறைய காணாமல் போகும். அதற்குக் கீழே பருவங்களே கிடையாது.

அதே ஆண்டில்தான் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைத்தார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். வெப்பமண்டலத்தில் ஒரு அடி ஆழத்திலேயே நிலத்தின் வெப்பம் ஆண்டு முழுக்க மாறாது என்று பிரெஞ்சு அறிஞர் பூசிங்கோ அப்போது எழுதியிருந்தார். தென்னமெரிக்காவில் சில இடங்களில் அளந்து அவர் வந்த முடிவு அது. ஆண்டு சராசரியைக் கண்டறியக் குழி தோண்டி ஒரு தடவை பார்த்தால் போதும் என்ற வசதி அதில் இருந்தது. கால்டிகாட் அந்த வசதியை நம்பவில்லை. 1842 முதல் 1845 வரை திருவனந்தபுரத்தில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்துத் தொடர்ந்து குறித்தார். பூசிங்கோவின் கூற்று அங்கே செல்லவில்லை. அடிமண்ணும் பருவத்தோடு மாறியது. அதன் சராசரி காற்றின் சராசரியைவிடச் சில டிகிரி பாரன்ஹீட் கூடுதலாகவும் இருந்தது. கால்டிகாட்டின் முடிவுகள் எடின்பரோ ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தன. ஆனால் அந்த வரிசை நீளவில்லை. 1849இல் அவர் காலமானார்.

கால்டிகாட் திருவனந்தபுரத்தில் குறித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், யாகூட்ஸ்கில் இன்னொருவர் மண்ணுக்குள் வெப்பமானியோடு இறங்கினார். அவர் இறங்கிய கிணற்றை வெட்டியவர் வேறொருவர். ஃபியோதர் ஷெர்கின் அந்த ஊரில் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர். குடிதண்ணீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். உறைந்த மண் முடியவே இல்லை. கிணற்றை நிறுத்திவிடாமல் தொடரும்படி அறிஞர்கள் அவரை ஊக்கப்படுத்த, 1837 வாக்கில் அது 116 மீட்டரைத் தாண்டியது. தண்ணீர் கிடைக்கவில்லை. 1844இல் சைபீரியப் பயணம் வந்த அலெக்சாண்டர் மிடெண்டார்ஃப் அந்தக் கிணற்றின் பக்கச்சுவரில் துளைகள் இட்டு, ஆழத்துக்கு ஆழம் வெப்பமானிகளை வைத்தார். மேலே கடுங்குளிர், அடியில் ஏறக்குறைய மைனஸ் 3 டிகிரி. இடையில் சூடு ஏறும் வீதத்தை வைத்து, உறைமண்ணின் மொத்தத் தடிமன் 200 மீட்டரை ஒட்டி இருக்கும் என்று கணித்தார். பூமியின் ஒரு பெரும் பரப்பு அடியோடு உறைந்து கிடக்கிறது என்ற செய்தி ஐரோப்பிய அறிவுலகில் அப்போதுதான் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று. ஷெர்கின் கிணறு யாகூட்ஸ்கில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. உறைமண்ணுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் 1960 முதல் அதே நகரத்தில் இயங்குகிறது. திருவனந்தபுரத்துக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

இந்தியாவில் மண்ணின் சூட்டை மறுபடி விடாப்பிடியாகத் தொட்டவர் மதுக்கரைக்கு அடுத்த ஊர்க்காரர் என்றே சொல்லலாம். கணவாயின் அந்தப் பக்கம், பாலக்காட்டில் 1900இல் பிறந்த எல். ஏ. ராம்தாஸ், கல்கத்தாவில் சி. வி. ராமனிடம் ஆய்வு செய்துவிட்டு 1926இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். 1932இல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் மிகக் குளிர்ந்த இடம் தரையே என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். ராம்தாசும் ஆத்மநாதனும் 1932இல் வெளியிட்ட அளவீடுகள் வேறு சொல்லின: மிகக் குறைந்த வெப்பம் தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. மேலைநாட்டு அறிஞர்கள் பலர் அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கினார்கள். விளக்கம் தேடும் கணிதக் கோட்பாடு அறுபது ஆண்டு கழித்து, 1993இல் பெங்களூரிலிருந்து வந்தது.

ராம்தாசின் இன்னொரு சோதனை கொங்குநாட்டாருக்கு எளிதில் புரியும். புனேயின் கரிசல் மண்மேல் வெள்ளைப் பொடியை மெல்லிய படலமாகத் தூவினார். வெயிலை அது திருப்பி அனுப்ப, மேற்பரப்போடு அடிமண்ணும் குளிர்ந்தது. நிறம் மட்டும் மாறினால் நிலத்தின் ஆழத்துச் சூடு மாறிவிடும். கரிசலும் செம்மண்ணும் சுக்கான் மண்ணும் வரப்புக்கு வரப்பு மாறும் கோவையில், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த மதுக்கரைக் குவாரிகளின் ஓரத்தில், இதன் பொருள் சின்னதல்ல. தூந்திரத்திலும் விதி இதுதான். பாசி மூடிய மண் குறைவாக இளகும். பாசி கருகி மண் கறுத்தால் இளக்கம் ஆழமாகும்.

ராம்தாஸ் மரபில் வந்த வேலை கோவை வேளாண் பல்கலைக்கழக வானிலைக் கூடத்தில் காலை 7.22க்கும் பிற்பகல் 2.22க்கும் நடக்கிறது. அதென்ன இருபத்திரண்டு நிமிஷம்? இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியது. கோவை இருப்பது 77 டிகிரியில். அந்த ஐந்தரை டிகிரிக்குச் சூரியன் 22 நிமிஷம் பிந்தி வரும். கடிகாரம் ஏழு காட்டும்போது இங்கே சூரியக் கணக்கில் இன்னும் ஏழாகவில்லை. புல் இல்லாமல் செதுக்கிய தரையில், தண்டு வளைந்த கண்ணாடி வெப்பமானிகளின் குமிழ் 5, 10, 20 சென்டிமீட்டர் ஆழங்களில் புதைந்திருக்கும். பார்ப்பவர் பாதரச மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் படிக்க வேண்டும். நின்றபடி படித்தால் அளவு பிசகும். இப்போது வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பல்கலைக்கழகம் நிறுவிய தானியங்கி நிலையங்கள் மண் வெப்பத்தையும் ஈரத்தையும் தாமே அனுப்புகின்றன. விதைப்புக்கும் பாசனத்துக்கும் இது போதும். நூறாண்டு மாற்றத்தைப் பார்க்க 20 சென்டிமீட்டர் போதாது.

தூந்திரத்தில் ஒழுங்கான கண்காணிப்பு வலை 1991இல் உருவானது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கால்ம்’ என்பார்கள். முறை வியக்கத்தக்க எளிமையுடையது. ஒரு கிலோமீட்டர் சதுரத்தில் நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி, ஆக 121 புள்ளிகள். கோடை முடியும் ஆகஸ்ட் கடைசியில் இரும்புக் கம்பியைக் கையால் மண்ணில் அழுத்துவார்கள். உறைந்த மண் தட்டினதும் நிறுத்தி, இறங்கிய நீளத்தைக் குறிப்பார்கள். அடுத்த ஆண்டு அதே சதுரம், அதே பருவம், அதே கம்பி. அலாஸ்காவிலிருந்து சைபீரியா வரை இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் இன்று உள்ளன.

ஆனால் கம்பி ஏமாற்றவும் செய்யும். உறைமண்ணில் பனிக்கட்டி அதிகமாக இருந்தால், அது உருகி வடிந்ததும் நிலமே கீழே அமிழ்ந்துவிடும். மேற்பரப்பும் இறங்கி, உறைந்த எல்லையும் இறங்கினால், கம்பி பழைய அளவையே காட்டும். இழப்பு நடந்திருக்கும், நோட்டில் மாற்றமே இருக்காது. அதனால்தான் பிற்பாடு தரையின் உயரத்தையும் சேர்த்து அளக்கத் தொடங்கினார்கள். நீண்டகாலத் தரவு என்றாலே நம்பிவிடுகிறவர்கள் இந்த ஒரு எடுத்துக்காட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சிக்கலுக்கு ஆழ்துளை ஒரு மாற்று. மேற்பரப்பில் நெடுங்காலம் நீடிக்கும் சூடு மட்டுமே பாறைக்குள் ஆழமாக இறங்கும். ஒரு நூற்றாண்டின் மாற்றம் ஏறக்குறைய நூறு, நூற்றைம்பது மீட்டர் வரை போயிருக்கும். துளையில் வெப்பமானியை இறக்கினால் அந்தப் பதிவை வாசிக்கலாம். 1986இல் ஆர்தர் லாக்கன்ப்ரூக், மார்ஷல் இருவரும் வட அலாஸ்காவில் கைவிடப்பட்ட எண்ணெய்த் துளைகளின் அளவீடுகளை வெளியிட்டனர். மேல் நூறு மீட்டரில் வெப்பக்கோடு நேராகப் போகாமல் வளைந்திருந்தது. சில பத்தாண்டுகள் முதல் ஒரு நூற்றாண்டுக்குள் மேற்பரப்பு 2 முதல் 4 டிகிரி சூடேறியிருப்பதாக அந்த வளைவு சொன்னது. பிறகு 2007 முதல் 2016 வரையிலான உலகளாவிய துளை அளவீடுகளைத் தொகுத்தபோது, அந்தப் பத்தாண்டில் உறைமண் சராசரியாக 0.29 டிகிரி சூடேறியிருந்தது.

இதே உத்தியை ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் இந்தியத் துளைகளில் கையாண்டார்கள். சுகாந்த ராயும் உடனாய்ந்தோரும் 2002இல் வெளியிட்ட முடிவின்படி, சென்ற ஒன்றரை நூற்றாண்டில் இந்திய நிலத்தின் மேற்பரப்பு சராசரியாக 0.9 டிகிரி சூடேறியிருக்கிறது. வெப்பமானி வைத்த நிலையங்கள் அரிதாக இருந்த காலத்துக்கும் பாறை சாட்சி சொல்கிறது என்பதே இதன் மதிப்பு.

இந்தியாவின் சொந்த உறைமண் இமயத்தில். இங்கே நெடுங்காலம் கவனமெல்லாம் பனியாறுகள் மேலேயே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத உறைமண் பின்னுக்குத் தள்ளப்பட்டது. லடாக்கில் கர்துங்லா கணவாய்க்குப் போகும் வழியில், தெற்குப் புல்லுவுக்கு அருகே 4,727 மீட்டர் உயரத்தில் 2015 முதல் 2017 வரை வானிலை நிலையம் ஒன்றின் தரவை ஆராய்ந்தவர்கள், அங்கே நிலம் பெறும் வெப்பத்தையும் இழக்கும் வெப்பத்தையும் கணக்கிட்டார்கள். வறண்ட காற்று, தெளிந்த வானம். நிலத்தின் சூடு தடையின்றி வெளியேறிவிடுகிறது. இரண்டாண்டுத் தரவு தொடக்கத்துக்குச் சரி. தூந்திரத்தின் முப்பதாண்டு வரிசைக்குமுன் அது குழந்தை. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரிக்குள் உறைந்திருந்த கரைச்சரிவு விழுந்து, பெருகிய வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துப்போனது. அவ்வகைச் சரிவுகளுக்குள் வெப்பமானி வைப்பது இன்று ஆராய்ச்சி ஆர்வத்தோடு நிற்கும் காரியமல்ல.

கொங்குநாட்டுக்கு வந்தால், இங்கே துளைகளுக்குக் குறைவில்லை. நாடெங்கும் ரிக் வண்டி அனுப்பும் திருச்செங்கோடு பக்கத்தில்தான் இருக்கிறது. வற்றி மூடிய போர்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. ஆனால் எல்லாத் துளையும் உதவாது. பம்பு ஓடும் போரில் நீரோட்டம் வெப்பத்தைக் கலக்கிவிடும். பாசனம் மிகுந்த தோட்டத்தில் மண் செயற்கையாகக் குளிர்ந்திருக்கும். மரம் வெட்டிக் கான்கிரீட் போட்ட இடத்தில் காலநிலை மாற்றமும் கட்டட மாற்றமும் சேர்ந்தே பதிவாகும். தண்ணீர் நிற்கும் துளையில் வெப்பமானி சீக்கிரம் நிலைப்படும். வெறும் காற்று நிறைந்ததில் ஒவ்வொரு ஆழத்திலும் காத்திருக்க வேண்டும். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகும் மதுக்கரையைச் சுற்றிய மலையடிவாரத்தில் பம்பு தொடாத சில போர்கள் தேறும். அவற்றுக்குப் பூட்டுப் போட்ட இரும்பு மூடி செய்து, ஆண்டுக்கொரு முறை, ஐந்து மீட்டருக்கு ஒரு நிறுத்தமாக வெப்ப உணரியை இறக்கிக் குறித்து, பக்கத்தில் என்ன பயிர், என்ன கட்டடம் என்பதையும் சேர்த்து எழுதிவைத்தால் போதும். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை அலாஸ்காவின் பழைய எண்ணெய்த் துளைகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் செய்துவருவதும் இதே வேலைதான்.