பெருந்தச்சன் என்னும் பட்டம்: பொறியாளரைச் சிறப்பிக்கும் மரபு குறித்து வட சிலாங்கூரிலிருந்து ஒரு மறுவாசிப்பு

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய பொறியாளன் யார் என்று வினவுவோர்க்குக் குஞ்சரமல்லன் என்ற பெயரை உடனே விடையாகக் கூறும் வழக்கம், அக்கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா 2010-இல் நிகழ்ந்தது முதலாகப் பெரிதும் பரவிவிட்டது. அவனது கலைத்திறனை மெச்சிய முதலாம் இராஜராஜன் தன் திருநாமத்தையே அவனுக்குச் சூட்டி, 'இராஜராஜப் பெருந்தச்சன்' என்று கல்லில் பொறிப்பித்தான் என்றும், தொழில் வல்லுநர்க்கு விருதளிக்கும் தமிழ் மரபுக்கு அதுவே தலையாய சான்று என்றும் கூறுகின்றனர். கேட்பதற்கு இனிய வாசிப்புத்தான். ஆயினும் அப்பெயர் எந்தச் சாசனத்தில், எவரெவர் பெயர்களுக்கு நடுவே வருகிறது என்று நோக்குமிடத்து, கல்வெட்டு கூறுவது வேறொன்று என்பதே என் துணிபு. இவ்வேறுபாட்டைச் சற்று விரித்தே உரைக்க வேண்டியுள்ளது. ஏனெனில் கோலசிலாங்கூரிலும் சபாக் பெர்ணத்திலும் பொறியாளர் எவ்வாறு போற்றப்பட்டனர், எவ்வாறு விடுபட்டனர் என்ற வினாவுக்கு நாம் கூறும் விடை, இந்த வாசிப்பைப் பொறுத்தே அமையும்.

ஹூல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66 என்ற எண் பெற்ற நெடிய சாசனம் அது. இராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டை, அதாவது 1014-ஐ ஒட்டியது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களையும் மனைகளையும் நிரல்படக் கூறிய பின், நட்டுவம் செய்வோர், பாடுவோர், இசைப்போர், கணக்கர், தையற்காரர், கன்னார், தட்டார் ஆகிய கோயிற் பணியாளர்க்கு இன்னின்னார்க்கு இத்தனை பங்கு என்று அது வகுத்துச் செல்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். இவ்வரிசையில்தான் வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் வருகிறான். அவனுடன் மதுராந்தகனான நித்தவிநோதப் பெருந்தச்சனும், இலத்தி சடையனான கண்டராதித்தப் பெருந்தச்சனும் வருகின்றனர். விமானத்தை வகுத்தவன் என்றோ, இருநூறடிக்கு மேலெழும் அக்கற்பணியை முடித்தவன் என்றோ குஞ்சரமல்லனைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. அதே கோயிற் கல்வெட்டுகளில் நாவிதன் ஒருவனும் இராஜராஜப் பெருநாவிசன் என்று பட்டம் பெற்றிருத்தலை மேடைப் பேச்சாளர் பலர் பெருமையுடன் எடுத்துக்காட்டுவதுண்டு. அச்சான்று தம் வாசிப்பையே அசைக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. இரு தொழிலார்க்கும் பொதுவாக ஈந்த பட்டம், விமானத்தைக் கற்பனை செய்ததற்கான பரிசாக இருத்தல் இயலாது. அரசன் பெயரால் நடைபெறும் ஓர் ஊழியத்தில் தலைமை வகித்தமைக்கான அடையாளமாகவே இருத்தல் கூடும்.

மூன்றாமவனான கண்டராதித்தப் பெருந்தச்சனின் பட்டம் இதனினும் சிந்தனைக்குரியது. நித்தவிநோதன் என்பது இராஜராஜனுக்கே உரிய விருதுப்பெயர். கண்டராதித்தனோ அவனுடைய பாட்டன் அரிஞ்சயனின் தமையன்; பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டு மறைந்தவன். அவன் கையால் பட்டம் பெற்ற ஒருவன் 1014-இல் கோயிற்பணி ஏற்றிருத்தல் அரிது. ஆகவே அப்பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியிருத்தல் வேண்டும். அன்றேல் கண்டராதித்தனின் தேவியார் செம்பியன் மாதேவியார், தம் நெடிய கைம்மைக் காலத்தில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய திருப்பணிக் கூட்டத்தில் அது தோன்றியிருத்தல் வேண்டும். இரண்டாவதே உண்மைக்கு அணித்தது என்று கருதுகிறேன். நேர்ச்சான்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் இவ்விரண்டில் எதனைக் கொண்டாலும், பட்டம் தனி மனிதனின் ஒரு படைப்போடு ஒட்டியதன்று, பணி தொடரும் வரை தொடர்வது என்ற முடிவு மாறாது.

செம்பியன் மாதேவியாரைக் குறிப்பிடும்போது கோனேரிராஜபுரம் என்று இன்று வழங்கும் திருநல்லத்துக் கற்றளியைக் கூறாமற் செல்லலாகாது. தம் கணவர் திருநாமத்தால் அவ்வம்மையார் எடுப்பித்த அக்கோயிலின் தென்சுவரில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் புடைப்புச் சிற்பம் உள்ளது. அதனோடு, கோயிற்பணியை முன்னின்று நடத்திய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பானின் உருவமும் செதுக்கப்பட்டு, அவன் இராஜகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டம் பெற்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. கட்டுமானத் தலைவன் ஒருவனது உருவமும், பெயரும், அவன் செய்த பணியும், அதற்கு ஈடாகப் பெற்ற சிறப்பும் ஒருங்கே ஒரு சுவரில் நிற்கும் இச்சான்றினை விட்டு, பங்குப் பட்டியலில் வரும் குஞ்சரமல்லனைத் தேடிச் செல்வானேன்? மூவேந்தவேளான் என்பது தச்சர்க்குரிய பட்டமன்று. அரசின் உயர் அதிகாரிகளுக்கு வழங்கியது. உளி பிடித்த கையைவிட, பலர் கைகளை ஒருமுகப்படுத்திக் காரியத்தை நிறைவேற்றிய மேற்பார்வையையே அது சிறப்பிக்கிறது. பொறியாளரைப் போற்றும் மரபுக்குத் தொடக்கம் தேடுவோர் தஞ்சைக்கு முன்னே திருநல்லத்தில் நிற்க வேண்டும்.

தஞ்சைச் சாசனத்தில் இன்னும் ஒரு விதி உண்டு. அதனைப் படிக்குந்தோறும் வியக்கிறேன். பங்கு பெற்றவருள் இறந்தாரும் அநாதேசம், அதாவது அயல்நாடு, போனாரும் இருப்பின், அவர்க்கு அடுத்த உரிமையுடையார் அக்காணியைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவ்வுரிமையாளர் தாம் யோக்கியரல்லராயின், யோக்கியரான ஒருவரை நியமித்துப் பணி செய்விக்க வேண்டும். அநாதேசம் போனாரின் வழிவந்த நமக்கு அச்சொல் தைக்கிறது, அது நிற்க. மரியாதை பெற்றவன் தன் தொழில் தனக்குப் பின்னும் தக்கார் கையில் நிலைக்குமாறு பார்த்துக்கொள்ளும் கடமையையும் உடன் பெற்றான் என்பதே இங்குக் கருதத்தக்கது. இக்காலத்துப் பொறியியற் சங்கங்கள் 'தலைமையும் தொழிலுக்காற்றிய சேவையும்' என்று எதனைக் கூறிச் சிறப்பளிக்கின்றனவோ, அதன் வித்து இவ்விதியில் உள்ளது.

பின் எவ்வாறு தனிவீரன் என்ற கருத்து நம்மிடம் புகுந்தது? 1861-லும் அடுத்த ஆண்டிலும் சாமுவேல் ஸ்மைல்ஸ் வெளியிட்ட பொறியாளர் சரித்திரங்களே அதற்கு மூலம் என்று கருதுகிறேன். வறுமையில் பிறந்து, தன் முயற்சி ஒன்றாலேயே உயர்ந்து, உலகை மாற்றும் பொறியாளன் என்ற அச்சு அந்நூலில் வார்க்கப்பட்டது. முல்லைப் பெரியாற்று அணையை 1895-இல் முடித்த ஜான் பென்னிகுவிக்கை நாம் பேசும் முறையிலும் அவ்வச்சின் வடு தெரிகிறது. அவர் இங்கிலாந்திலிருந்த தம் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதை ஆவணங்களில் உறுதிப்படாதது. அணை சென்னை அரசாங்கத்தின் செலவில் எழுந்தது. அவர் பெருமைக்கு அக்கதை வேண்டுவதே இல்லை. மேற்கே பாயும் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அருஞ்செயலும், காட்டுக் காய்ச்சலுக்கு ஆட்கள் பலியாகிக்கொண்டிருக்கையில் வேலை நின்றுவிடாதபடி பல ஆண்டுகள் பொறுப்பேற்ற உறுதியும் போதாவா? அரசாங்கம் அவருக்கு 1895-இல் சி.எஸ்.ஐ. என்ற விருதை அளித்து அமைந்தது. தேனி மாவட்டத்துப் பாலார்பட்டி மக்களோ அவர் பெயரால் பொங்கலிடுகின்றனர், பிள்ளைகளுக்கும் அப்பெயரைச் சூட்டுகின்றனர்.

அரச விருதிலிருந்து தொழிலோர் தாமே அளிக்கும் சிறப்புக்கு மாறிய வரலாறு பலரும் அறிந்ததாகலின் சுருங்கக் கூறுவேன். லண்டனில் 1818-இல் தோன்றிய சிவில் பொறியாளர் சங்கம் 1820-இல் தாமஸ் டெல்போர்டைத் தலைவராக்கியது. இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920-இல் தோன்றி 1935-இல் அரச சாசனம் பெற்றது. அரச விருது, தொழிலோர் தரும் சிறப்பு என்ற இவ்விரு உலகங்களிலும் ஒருசேர நின்றவர் பொறியாளர் விசுவேசுவரய்யா: 1912 முதல் 1918 வரை மைசூர்த் திவான், 1915-இல் கே.சி.ஐ.இ., 1955-இல் பாரத ரத்னா. அவர் பிறந்த செப்டம்பர் 15-ஐ இந்தியாவில் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகின்றனர். ஆனால் பிறந்த ஆண்டு 1860 என்றும் 1861 என்றும் இருவகையாகக் காணப்படுகிறது. நூற்றாண்டுத் தபால் தலை 1960 செப்டம்பர் 15-இல், அவர் உயிருடன் இருக்கையிலேயே வெளிவந்தது. அது முந்திய ஆண்டுக்குச் சார்பானது போலத் தோன்றினும், நூறாம் வயது தொடங்கும் நாளையே நூற்றாண்டாகக் கொள்ளும் நம்மவர் கணக்கின்படி 1861-உம் பொருந்தும். தபால் தலை ஒன்றைக் கொண்டு இதனைத் தீர்க்க முற்படுதல் முறையன்று.

இனி வட சிலாங்கூர். கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தியின் மேல் நிற்கும் 1907-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கம் ஆல்டிங்ஸ்பர்க் என்ற பெயர் தாங்கியுள்ளது. 1784-இல் அக்குன்றைக் கைப்பற்றிய டச்சுக்காரர், தம் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் நினைவாக இட்ட பெயர் அது. விளக்கைக் கட்டியவனின் பெயரன்று. வடக்கே சென்றால் தஞ்சோங் காராங் நெல் வயல்கள் தொடங்கும். 1932-இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா அமைந்த பின்னர், அந்தப் பத்தாண்டிலேயே சதுப்புக் காட்டைத் திருத்தத் தொடங்கிய திட்டம் இது. பெர்ணம் ஆற்றில் தலைமதகிட்டு, ஊட்டுக் கால்வாயால் நீரைத் தெங்கி ஆற்றுக்குக் கொணர்ந்து, அங்கிருந்து கடற்கரைக்கு இணையாக ஓடும் பெருங்கால்வாயில் விடுகின்றனர். ஏறத்தாழ 20,000 எக்டர் இதனால் விளைகிறது. வயலோரத்துத் தாலி ஆயர் என்னும் பாசன வாய்க்காலின் மதகில் கையால் சுழற்றும் இரும்புச் சக்கரமும், நீர்மட்டம் காட்டும் எண்பலகையும் உள, பெயர்ப்பலகை இல்லை. சவா செம்படான், சுங்கை பூரோங், செகிஞ்சான், சுங்கை லெமான், பாசிர் பாஞ்சாங், சுங்கை நிப்பா, பாஞ்சாங் பெடேனா, பாகான் தெராப் என்ற எட்டுப் பிரிவுகளும் ஊரின் பெயரையோ ஆற்றின் பெயரையோ தாங்குவனவே.

பெயரில்லாமையை நன்றியின்மை என்று கொள்வோர் உளர். நான் அவ்வாறு கொள்ளேன். இதனோடு ஒப்பிடத் தமிழரின் நீரியற் கனவொன்று யாழ்ப்பாணத்தில் உண்டு: ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்கு ஆறொன்று தரும் யோசனையை 1954-இல் வகுத்த நீர்ப்பாசனப் பொறியாளர் எஸ். ஆறுமுகத்தின் பெயரால் அது இன்றும் ஆறுமுகம் திட்டம் என்றே வழங்குகிறது. முழுமையுறாத திட்டத்துக்கு அதனை எண்ணியவரின் பெயர் நிலைத்தது. முழுமையுற்ற தஞ்சோங் காராங்கிலோ, பணி பலருடையதாகி, இலாகாவின் பெயரே நின்றது. ஊழியம் தனி மனிதரைக் கடந்து தொடர்ந்தமையின் அறிகுறியாகவே இதனைக் காண்கிறேன். சான்று மெலிந்தது என்று கூறி எவரேனும் மறுப்பாராயின், எட்டுப் பிரிவுகளுள் ஒன்றேனும் ஓர் அதிகாரியின் பெயரைத் தாங்காமை தற்செயல்தானா என்பதை அவர் விளக்க வேண்டும். ஏனெனில் அதே பிரித்தானிய ஆட்சி, பெயரிட விரும்பியவிடத்துத் தயங்கவில்லை. இலங்கை மராமத்து இலாகாவிலிருந்து 1891-இல் சிலாங்கூரின் அரசுப் பொறியாளராக வந்து, பின்னர் மலாய் நாட்டு இரயில்வேயை நடத்திய ஸ்பூனர் சிங்கப்பூரில் ஒரு சாலையின் பெயராக இருக்கிறார்.

தோட்டங்களின் நிலை வேறு. அங்கே என் வாதம் அவ்வளவு எளிதில் செல்லாது. முன்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட ஊரின் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கிய ஹென்றி பொக்கோனியேயை உலகம் அறியும். 1930-இல் கோன்கூர் பரிசு பெற்ற 'மலேசி' என்ற நாவலின் ஆசிரியராகவே பெரிதும் அறியும். அம்மண்ணில் எழுந்த ஆலைகளில் கொதிகலனைக் காத்து, பழுதான எந்திரத்தை உதிரி வரும் வரை ஓடவைத்து, அடுத்தவனுக்கு வேலை கற்பித்த என்ஜின் டிரைவரும் பிட்டரும் தஞ்சைச் சாசனத்தில் இடம்பெறத் தக்கவர்கள். திருநல்லத்துச் சுவர் கட்டியவனின் முகத்தைக் காட்டுகிறது; தோட்டத்துக் கணக்கேடு நாட்கூலியைக் காட்டுவதற்கே எழுதப்பட்டது. கிராணி எழுதிய வருகைப் பதிவுக்கு மேல் தோட்டத்தில் அவர்களுக்கு ஏடில்லை. இதனை ஊழியத்தின் அடக்கம் என்று கூற என் மனம் ஒப்பவில்லை, இது புறக்கணிப்பே.

சுதந்திர மலாயாவில் பொறியாளர் கழகம் 1959-இல் தோன்றியது. 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் 1972-இல் பொறியாளர் வாரியம் அமைந்தது. தொழில்முறைப் பொறியாளராக விரும்பும் பட்டதாரி, ஏற்கெனவே பதிவு பெற்றவரின் மேற்பார்வையில் ஆண்டுக்கணக்கில் பயின்று, தேர்வில் தேற வேண்டும் என்ற விதி, யோக்கியரை நியமிக்கச் சொன்ன சோழர் விதிக்கு மிக அணுக்கமானது. சிறப்பளிக்கும் முறைகளுள் பேராசிரியர் சின் புங் கீயின் நினைவுச் சொற்பொழிவை உயர்ந்ததாகக் கருதுகிறேன். கழகத்தின் பதக்கத்தினும், ஆண்டுதோறும் ஒருவர் தொழிலோர் முன்னின்று கற்றதைப் பகிர்வது அவருக்குத் தக்க மரியாதை. அடித்தளத் தூண்களை முறியுமளவு சுமையேற்றாமலே அவற்றின் தாங்குதிறனைக் கணிக்க அவர் 1970-இல் வெளியிட்ட முறையை, உலகெங்கும் அடித்தளப் பொறியாளர் அவர் பெயராலேயே கூறிக் கையாள்கின்றனர்.

பட்டதாரியல்லாத தொழில்நுட்பர்க்கென்று ஒரு பதிவேடு 2015-ஆம் ஆண்டின் 768-ஆம் சட்டத்தால்தான் இந்நாட்டில் ஏற்பட்டது. தொழில்நுட்பர் வாரியம் அதனை நடத்துகிறது. இன்றைய ஆலையின் தொழில்நுட்பர் அதில் இடம்பெற வழியுண்டு. பழைய தோட்டத்து ஆலைகளின் என்ஜின் டிரைவர்க்கு அத்தகைய பதிவேடு இருந்ததில்லை. அவர்களுக்கு உரிமையானவை எந்திர இலாகா அக்காலத்தில் வழங்கிய தகுதிச் சான்றிதழ்களே. வீடுகளில் எஞ்சியுள்ள அச்சான்றிதழ்களைத் தேடித் தொகுத்து, பெயர், தோட்டம், ஆண்டு என்று நிரல்படுத்தும் பணியைப் பொறியாளர் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் இனியேனும் மேற்கொள்ளுதல் வேண்டும். கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் ஆகிய மூன்று மாவட்டங்களில் தொடங்கினால் போதும்.