நெடுமாறன், முத்து

மலேசியாவைச் சேர்ந்த கணினிப் பொறியாளர், எழுத்துரு வடிவமைப்பாளர். முரசு அஞ்சல், செல்லினம் ஆகிய மென்பொருள்களை உருவாக்கியவர். தந்தை முரசு நெடுமாறன் குழந்தைப் பாடல்களுக்காக அறியப்பட்ட கவிஞர். 1887 முதல் 1987 வரை மலேசிய மண்ணில் எழுந்த கவிதைகளைத் திரட்டி 1997-இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ வெளியிட்டவர். மகன் வகித்த பணிகளுள் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனப் பணி குறிப்பிடத்தக்கது. ஆனால் தமிழரிடையே அவர் பெயர் நிலைத்தது, பதவிகளுக்கு வெளியே பார்த்த வேலையால்.

முரசு. மேசைக் கணினிகள் பரவத் தொடங்கிய 1980களில் திரையில் தமிழ் எழுத்தைக் காட்டுவதே பெரும்பாடு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, னை போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்களைக் கைவிட்டிருந்ததால் வரைய வேண்டிய வடிவங்கள் சற்றுக் குறைந்தன. கணினிக்காகச் செய்யப்படாத அம்மாற்றம் கணினிக்கு உதவியது. முரசு 1985-இல் தொடங்கியது. தமிழின் முதல் கணினி எழுதி எது என்பதில் கருத்து ஒருமித்ததில்லை. கனடாவில் கு. சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’ 1984-ஐச் சேர்ந்தது எனக் கூறி அதற்கே முதலிடம் தருவோர் உண்டு. ஒன்றையொன்று அறியாமல் பல நாடுகளில் நடந்த முயற்சிகள் இவை என்பதால், முதன்மை பற்றிய தீர்ப்பைவிட அந்தச் சமகாலத்தன்மையே கவனிக்கத்தக்கது.

அஞ்சல். மின்னஞ்சல் பரவிய 1990களில் மென்பொருளின் பெயரும் ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. அக்காலத்துச் சிக்கலை இன்றைய வாசகருக்கு விளக்கியாக வேண்டும். ஓர் எழுத்துருவில் 256 இடங்கள். பாதி ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் போய்விடும். எஞ்சிய இடங்களில் எந்தத் தமிழ் எழுத்தை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. திண்டுக்கல் டிடிபி கடையில் அடித்த திருமண அழைப்பிதழைக் கோலாலம்பூரில் வேறோர் எழுத்துருவில் திறந்தால் மாப்பிள்ளை பெயர்கூடத் தேறாது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் இலவசமாக வழங்கிய ‘மயிலை’ எழுத்துரு ஒரு பொதுத்தளமாகப் பரவியது. பின்னர் இணையவழி விவாதங்களில் திஸ்கி எனும் பொதுக் குறியேற்றம் உருவானது. இந்த உரையாடல்களில் முத்து நெடுமாறனும் பங்கேற்றார்.

முரசின் விசைப்பலகையே தனியாகச் சொல்லத்தக்கது. ரோமன் எழுத்தில் ஒலிப்படி தட்டினால் தமிழ் வரும். சிறிய ‘எல்’ தட்டினால் ல், பெரிய ‘எல்’ தட்டினால் ள். தட்டச்சுப் பயிலாத, வேலையிடத்தில் ஆங்கிலமே தட்டிப் பழகிய அயலகத் தமிழருக்கு இது வாசலைத் திறந்தது. ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழ் எழுதும் பழக்கத்தை இது வளர்க்கும் என்ற குறையும் அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. நடு வரிசையில் அ, இ, உ ஆகிய குறில்கள். நெடில்கள் அவற்றின் மேலே. ‘அம்மா’ என்று எழுத, மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். ‘பங்கு’, ‘பந்து’ போன்ற சொற்களில் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. இலக்கணம் படித்த ஒருவர் விரல்நுனியில் உட்கார்ந்து திருத்திக்கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு. முரசு அஞ்சலில் ஒலிமுறையோடு இதற்கும் இடமளிக்கப்பட்டது.

யூனிகோடு. 2000-இல் அமைந்த உத்தமம் எனும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தில் முத்து நெடுமாறன் பொறுப்புகள் வகித்தார். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடு தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. யூனிகோடிலோ ககரம் முதலில், கொம்பு பிறகு. ஒலி வரிசையில் சேமித்து, திரையில் இடம் மாற்றிக் காட்டுவது எழுத்துருவும் இயங்குதளமும் சேர்ந்து செய்யும் வேலை. எல்லா உயிர்மெய்களுக்கும் தனியிடம் வேண்டும் என்ற தரப்பும் வலுவாக இருந்தது; 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றபோது, அத்தரப்பின் 16 பிட்டுக் குறியேற்றத்துக்கும் இடம் தந்தது. எது சிறந்தது என்பதில் அறிஞர் இன்னமும் பிரிந்தே நிற்கின்றனர்.

எழுத்துருக்கள். இவர் வரைந்த ‘இணைமதி’ மேக் கணினிகளுடன் வந்தது. 2011-இல் வெளியான மேக் லயன் பதிப்பில் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, வங்காளம், ஒடியா, குர்முகி, சிங்களம், கெமர், லாவோ, மியன்மார் எழுத்துகளுக்கான இவரது எழுத்துருக்கள் சேர்ந்தன. அவற்றின் பெயர்களின் ஈற்றில் வரும் ‘எம்என்’ என்பது முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள். கோடிக்கணக்கானோர் நாள்தோறும் பார்த்தும் பொருள் கேட்காத கையொப்பம் இது.

கைப்பேசி. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப உதவிய செல்லினம் 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமானது. பின்னர் திறன்பேசிகளுக்கும் வந்தது. மலேசியச் செய்தித்தளமான செல்லியலின் தொழில்நுட்பத்திலும் இவருக்குப் பங்குண்டு. 2013-இல் ஐபோனில் தமிழ் விசைப்பலகைகள் உள்ளிணைந்தபோது ‘அஞ்சல்’, ‘தமிழ்99’ ஆகிய இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து இடம்பெற்றன.