வதந்தியின் கணக்கு

2018 மார்ச் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை. கண்டி மாவட்டத்தில் அன்றைய ஜும்ஆ படையினரின் காவலுக்குள் நடந்தது. திகனயிலும் அக்குறணையிலும் எரிந்த கடைகளின் சாம்பல் இன்னும் அள்ளப்பட்டிருக்கவில்லை. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாகியிருந்தது. மறுநாள் முகநூல் முடக்கப்பட்டது. அதே வெள்ளிக்கிழமைத் திகதியிட்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘சயன்ஸ்’ சஞ்சிகையில், பொய்ச் செய்தி எவ்வாறு பரவுகிறது என்பது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை இருந்தது. நான் அதை வாசித்தது பிற்காலத்தில்தான். கட்டுரையை விட அதன் திகதியே என்னை முதலில் பிடித்து நிறுத்தியது.

மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த வொசூகி, ரோய், அரால் என்ற மூவர் அதை எழுதியிருந்தார்கள். 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் உலாவியவற்றில், மெய் பொய் சரிபார்க்கப்பட்ட செய்திகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 126,000 பரவல்கள். 30 இலட்சம் பேர். 45 இலட்சத்துக்கும் அதிகமான பகிர்வுகள். உண்மை 1,500 பேரைச் சென்றடைய, பொய்யை விட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் எடுத்தது. பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்கள்தாம். 2021இல் வேறு இருவர் அதே தரவுகளை மீண்டும் எடுத்து, சம அளவான பரவல்களை மட்டும் ஒப்பிட்டார்கள். அப்போது மெய்யும் பொய்யும் சென்ற பாதைகளின் வடிவம் பெரிதாக வேறுபடவில்லை. எனினும் முதற் கட்டுரை எழுப்பிய கேள்வி என்னை விடவில்லை. வாய்க்கு வாய் போகும் ஒரு சொல்லை எண்ணிக் கணக்கிடலாம் என்ற எண்ணம் மனிதனுக்கு எப்போது வந்தது?

தேடிப் போனால் வழி பழைய பம்பாய்க்குச் செல்கிறது. அதுவும் பிளேக் நோயிடம். 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை அந்நகரில் பிளேக்கால் இறந்தோரின் வாராந்தக் கணக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது. இந்திய மருத்துவ சேவையில் இருந்த மெக்கென்ட்ரிக் என்ற வைத்தியரும், ஆய்வுகூட விபத்தொன்றில் இரு கண்களையும் இழந்த கேர்மாக் என்ற இரசாயனவியலாளரும் 1927இல் ஒரு சமன்பாட்டுத் தொகுதியை வெளியிட்டார்கள். ஊரை மூன்று பங்காகப் பிரித்தார்கள்: நோய் தொற்றக்கூடியவர், தொற்றியவர், நோயிலிருந்து நீங்கியவர். குணமானவரும் இறந்தவரும் மூன்றாம் பங்கிலேயே அடங்குவர். அந்தச் சமன்பாடு கீறிய வளைகோடு பம்பாயின் மரணக் கணக்கோடு பொருந்தி வந்தது.

வதந்தியை விஞ்ஞானமாகப் பார்த்த முன்னோடிகளில் ஒருவரும் நமது துணைக்கண்டத்தவரே. 1934 ஜனவரி 15இல் பீகாரைப் புரட்டிப்போட்ட பூமியதிர்ச்சிக்குப் பிறகு மக்கள் பேசிக்கொண்டவற்றை ஜமுனா பிரசாத் சேகரித்து, மறு ஆண்டு வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதனையும் காணாத மக்களிடையே, இதைவிடப் பெரிய அழிவு வருகிறது என்ற பேச்சே ஓங்கியிருந்தது. பயம் முந்தியது, காரணம் பிந்தியது என்று இதை விளக்கினார் பின்னாளில் இத்தரவை வாசித்த பெஸ்டிங்கர். காரணமின்றிப் பயந்திருப்பவனுக்கு அந்தப் பயத்தை நியாயப்படுத்த ஒரு கதை தேவைப்படுகிறது. கருத்தடை மாத்திரைக் கதை நம் நாட்டில் ஏன் எடுபட்டது என்று யோசிப்பவர்கள் பீகாரிலிருந்து தொடங்கலாம்.

பிளேக்கின் கணக்கையும் வதந்தியையும் ஒன்றாக இணைத்தவர்கள் டேலி, கெண்டல் என்ற இரு கணிதவியலாளர்கள். 1964இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியான சிறு குறிப்பு அது. அங்கும் மூன்று வகையினர்: கேள்விப்படாதவர், பரப்புபவர், கேட்டும் பரப்பாமல் ஓய்ந்தவர். பரப்புபவர் கேள்விப்படாதவரைச் சந்தித்தால் அவரும் பரப்புபவராகிறார். இதுவரை நோயின் கதைதான். ஆனால், ஓய்வது எப்படி? ஏற்கனவே கதை தெரிந்த ஒருவரிடம் போய், “செய்தி தெரியுமா?” என்று கேட்கிறார். “அது பழைய கதை” என்கிறார் மற்றவர். சொல்ல வந்தவருக்குச் சப்பென்று போய்விடுகிறது. அன்றோடு அவர் வாயை மூடிக்கொள்கிறார். தேநீர்க்கடை வாங்கில் குந்தியிருந்து பழகிய எவருக்கும் இது புரியும். ஊர் எவ்வளவு பெரிதானாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் காதுக்குக் கதை எட்டாமலே ஓய்ந்துவிடும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதை இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் எனக்குத் திடுக்கிட்டது. அந்தச் சமன்பாட்டில் உண்மைக்கு இடமே இல்லை. வதந்தி பொய்யென்று தெரிந்ததால் ஓயவில்லை, பழசாகிவிட்டதால் ஓய்கிறது. நாமெல்லாம் மறுப்பறிக்கை எழுதுவதில் நம்பிக்கை வைத்திருப்பவர்கள். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை உணவகமொன்றில் ‘மாத்திரை’ என்று காட்டப்பட்டது வெறும் மாவுக்கட்டி என அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டாயிற்று. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சூழ்ந்து நின்றவர்களின் கேள்விக்கு அவர் தலையசைத்த காணொளிதான் நாடெங்கும் ஓடியது. தாய்மொழி தமிழாக இருந்ததற்கு ஒரு மனிதர் கொடுத்த விலையை எந்த மாதிரியுருவில் சேர்ப்பது?

பழசான கதை உடை மாற்றிக்கொண்டு வருவதையும் அந்தக் கணிதம் காணவில்லை. அம்பாறையில் மாத்திரையாக இருந்தது, 2019 மே மாதம் குருநாகலில் சத்திரசிகிச்சையாக வந்தது. ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று பத்திரிகையின் முன்பக்கமே எழுதியது. அதைக் கேட்டவருக்கு அது புதுக்கதை. “பழைய கதை” என்று சொல்லி வாயடைக்க ஒருவரும் இல்லை.

சமன்பாட்டில் எல்லா மனிதரும் ஒரே மாதிரி. அதை உடைக்க முயன்றவர்களில் தோமஸ் ஷெலிங் 1971இல் கட்டம் போட்டு நாணயங்களை வைத்து நகர்த்திப் பார்த்தார். பின்னாளில் அந்த நாணயங்களின் வேலையைக் கணனி எடுத்துக்கொண்டது: ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர், ஒவ்வொருவருக்கும் ஒரு விதி, ஆயிரம் தடவை ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆனால் என்னை அதிகம் பாதித்தது 1978இல் மார்க் கிரனோவெட்டர் எழுதிய கட்டுரை. அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே கலவரம்தான்.

ஒரு சதுக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். முதலாமவருக்குத் துணை தேவையில்லை, அவர் கல்லெறிவார். இரண்டாமவர், ஒருவர் எறிந்தால் தானும் எறிவார். மூன்றாமவருக்கு இருவர் தேவை. இப்படியே கடைசி ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது பேர். முதற்கல் விழுந்ததும் நூறு பேரும் கலவரக்காரராகிவிடுவார்கள். இப்போது இரண்டாமவரை மட்டும் மாற்றுங்கள். ஒருவர் போதாது, இருவர் எறிந்தால்தான் எறிவேன் என்பவராக்குங்கள். ஒரு கண்ணாடி உடைவதோடு எல்லாம் முடிந்துவிடும். ஒரு சதுக்கத்தைப் பற்றிக் காடையர் கூட்டம் என்றும், மற்றதைப் பற்றி ஒரு விசரனின் வேலை என்றும் மறுநாள் எழுதுவார்கள். இரண்டு இடத்திலும் நின்றவர்கள் ஏறத்தாழ அதே ஆட்கள்.

1915 மே 28இல் கண்டியில் தொடங்கியது ஒன்பது நாட்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியபோது முகநூல் இருக்கவில்லை. சதுக்கத்தில் எத்தனை பேர் இறங்கிவிட்டார்கள் என்பதை மனிதன் கண்ணால் கண்டான், அல்லது ரயிலில் வந்தவன் சொல்லக் கேட்டான். 2018இல் அதைத் தொலைபேசித் திரை சொன்னது. வீட்டுக்குள் தனியாக இருப்பவனுக்கும் ஆயிரம் பேர் தன்னோடு நிற்பதாகக் காட்டியது. அவனுடைய எல்லை தொண்ணூறாக இருந்தாலும் அது திரையிலேயே நிறைந்துவிட்டது. அந்த நாட்களில் தன் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

கணக்கு இவ்வளவு தூரம் உதவுகிறது. அதற்கு மேல் எனக்கு அதனோடு பிணக்கு உண்டு. அதில் பெயர் இல்லை. நமது மரபில் ஒரு செய்தி வந்தால் எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு, யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவர் நேர்மையானவரா, நினைவாற்றல் உள்ளவரா என்றும் கேட்டார்கள். 870இல் வபாத்தான இமாம் புகாரியின் காலத்தில் இல்முர் ரிஜால் ஒரு முழுமையான துறையாகவே வளர்ந்திருந்தது. (அந்த மரபின் வாரிசுகளான நாமும் “அறிந்த அனைவருக்கும் அனுப்புங்கள்” என்று வட்ஸ்அப்பில் வந்ததை விசாரியாமல் தள்ளிவிடுபவர்கள்தாம். அதையும் சொல்லிவைக்க வேண்டும்.) மாதிரியுருவில் முதற்கல்லெறிந்தவர் வெறும் பூச்சியம். அவரை யார் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள் என்று அது கேட்பதில்லை.

இன்னொன்று, இது பொய் என்று முத்திரை குத்துபவர் யார் என்பது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றாயிற்று. அடக்கினால் நிலத்தடி நீர் மாசடையும் என்றார்கள். அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே சொல்லியிருந்தது. இது இணையத்தில் யாரோ பகிர்ந்த வதந்தியல்ல. அரச இலச்சினையோடு வந்தது. ‘சயன்ஸ்’ கட்டுரையின் அட்டவணையில் இதை எந்தப் பக்கம் போடுவது? உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் என்றார்கள். இங்கே அடக்குவதற்கான அனுமதி 2021 பெப்ரவரி 25இல் வந்தது. எண்ணிப் பார்த்தேன்: 320 நாட்கள். அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது 2024 ஜூலையில்.

இடையில், 2020 டிசம்பரில், பிறந்து இருபது நாட்களேயான ஒரு முஸ்லிம் சிசு பொரளையில் எரிக்கப்பட்டது. அதன் பின்னர் யாரோ ஒருவர் கனத்தை மயானத்தின் வேலியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். கபன் துணி. இன்னொருவர் வந்து கட்டினார். பிறகு சிங்களவர்களும் தமிழர்களும் வந்து கட்டினார்கள். கட்டியவை அகற்றப்பட்டன. அதற்குள் வேறு ஊர்களின் வேலிகளிலும் வெள்ளைத் துணிகள் தொங்கத் தொடங்கியிருந்தன.